பெயர்க் கட்டத்தில் குளிக்கத் தடை

ஜூன் ஒன்பதாம் தேதி காலை பத்து நாற்பதுக்கு எங்கள் வாரியத்தின் பெயர்க் கட்டம் மூடப்பட்டது. நேரத்தை அன்றே குறித்துக்கொண்டேன். பத்து நாற்பதா, பத்து முப்பத்தாறா என்பதில் இப்போது எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அலுவலகச் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடும். ஆனால் மூடப்பட்டது உண்மை. சுற்றறிக்கை இருக்கிறது.

வாரியத்தின் முழுப்பெயர் சாரல் பருவத் தொழிலாளர் பதிவு வாரியம். குற்றாலத்தில் சாரல் விழும் மூன்று மாதமும் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், பழம் விற்கிறவர்கள், குளிக்கப் போகிறவர்களின் துணிமணிக்குக் காவல் இருக்கிறவர்கள் எல்லோரும் ஆண்டுதோறும் எங்களிடம் பதிந்து அட்டை வாங்க வேண்டும். அலுவலகம் மட்டும் தென்காசியில் இருக்கிறது. அருவிக்குப் பக்கத்தில் இருந்தால் கோப்புகள் நனைந்துவிடும் என்று முதல் ஆண்டிலேயே முடிவு செய்துவிட்டார்கள். நான் அங்கே ஒப்பந்த அடிப்படையில் கணினியில் தட்டச்சு செய்கிறேன். பெயர் பொன்செல்வி. ஊர் குத்துக்கல்வலசை. சாயங்காலம் ஆறரை மணிக்குப் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் இணையச் செயலி எழுதச் சொல்லித்தரும் வகுப்புக்குப் போகிறேன்.

இந்த ஆண்டு விண்ணப்பம் கணினிக்கு மாறியது. பழைய அட்டை எண்ணைத் தட்டினால், போன வருடப் பதிவேட்டிலிருந்து முப்பத்தொரு கட்டங்களும் தாமாக நிரம்பிக்கொள்ளும். கீழே 'சமர்ப்பி' என்று ஒரு பொத்தான். அதாவது, வாரியத்திடம் ஏற்கெனவே இருக்கும் விவரத்தை வாரியத்துக்கே அனுப்பிவைப்பதுதான் விண்ணப்பம். இதில் தவறு நேர வழியே இல்லை என்று நினைத்தேன். என் கணிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

மென்பொருளைச் செய்துகொடுத்த நிறுவனம், தனி அலுவலருக்கென்று திரையில் ஒரு பலகத்தையும் வைத்துவிட்டுப் போயிருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அதில் ஒரு விசை. திறந்தால் விண்ணப்பிக்கிறவர் அந்தக் கட்டத்தில் எழுதலாம், திருத்தலாம். மூடினால் கட்டம் சாம்பல் நிறமாகிவிடும். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும், தொட முடியாது.

தனி அலுவலர் விஜயசங்கர் சார், இந்த வாரியத்துக்கு வருமுன் பதினொரு வருடம் அருவிகளைத் திறந்து மூடும் பிரிவில் இருந்தவர். அருவியில் எச்சரிக்கை வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் மூடுவார். விழாவிட்டால், விழக்கூடும் என்று மூடுவார். பலகத்தைப் பார்த்ததும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முப்பத்தொரு விசைகள். அருவியில் அவருக்கு மொத்தம் எட்டுதான் இருந்தன.

அன்று ஊழியர் கூட்டம் நடந்தது. அலுவலகத்தில் ஊழியர்கள் நான்கு பேர். நின்றுகொண்டே பேசினார்.

"பதினோரு வருசம் அருவியப் பாத்தவன் நான். எங் காலத்துல ஒருத்தன் வழுக்கி விழுந்தாம்னு கேஸ் கிடையாது. ஏன்? ஒருத்தனயும் குளிக்க விட்டது கிடையாது. இங்கனயும் அதே பாலிசிதான்."

படிவத்தில் மனிதன் முதலில் வழுக்கும் இடம் பெயர் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். ஒருவன் தலைப்பெழுத்தை முன்னால் போடுகிறான், ஒருவன் பின்னால் போடுகிறான், ஒருவன் கல்யாணத்துக்குப் பிறகு எண்கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்கிறான். ஆகவே முன்னெச்சரிக்கையாகப் பெயர்க் கட்டம் மூடப்பட்டது. சுற்றறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். பழைய அருவிச் சுற்றறிக்கையையே மாதிரியாகக் கொடுத்திருந்தார். அதனால் அதில் 'மறு உத்தரவு வரும்வரை பெயர்க் கட்டத்தில் பொதுமக்கள் குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது' என்று வந்துவிட்டது. பிழையைச் சுட்டிக்காட்டினேன். கருத்து சரியாகத்தானே இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் சுடலைராஜ் அண்ணாச்சி வந்தார். ஐந்தருவிக்குக் கீழே இருபத்திரண்டு வருடமாக எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். வயது ஐம்பத்தேழு. அங்கே அவருக்கென்று ஒரு கல் உண்டு. குளிக்க வருகிறவரை அதில் படுக்க வைத்துத் தேய்த்தால் அண்ணாச்சி நிமிர்ந்தபடியே வேலை செய்யலாம். மற்ற கற்கள் எல்லாம் முழங்கால் உயரம். அவருடைய முதுகில் ஏதோ ஒரு தட்டு நழுவியிருக்கிறதாம், குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விதிப்படி ஆகஸ்ட் எட்டாம் தேதி சாயங்காலத்துக்குள் அட்டை வாங்காதவர்களின் இடம் மறுநாள் குலுக்கலில் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அட்டை எண்ணைத் தட்டினேன். சாம்பல் நிறத்தில் சுடலைராஜ் என்று வந்தது. மற்ற முப்பது கட்டங்களையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரி என்றார். சமர்ப்பித்தேன். நான்கு நாள் கழித்து அவருடைய போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. 'திரு.' என்று தொடங்கி, கொஞ்சம் இடம் விட்டு, 'அவர்களுக்கு, பெயர் குறிப்பிடப்படாததால் தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்று இருந்தது.

அண்ணாச்சி போனை என் மேசையில் வைத்தார். கோபம் இல்லை, குழப்பம்தான்.

"யம்மா, எனக்குப் பேரு இல்லன்னு எனக்கே அனுப்பிருக்காவ. பேரு இல்லாதவனுக்கு எந்த அட்ரசுக்கும்மா அனுப்புனாவ?"

விஜயசங்கர் சாரிடம் அழைத்துப் போனேன். சார் திரையைப் பார்த்தார், பெயர் இருந்தது. வந்து சேர்ந்த விண்ணப்பத்தின் அச்சுப்படியைப் பார்த்தார்; பெயர் இல்லை. மறுபடி திரையைப் பார்த்தார். இரண்டுமே வாரியத்தின் ஆவணம், இரண்டையும் சந்தேகிக்க விதியில் இடமில்லை என்றார். அறையில் மீதி இருந்தது அண்ணாச்சி மட்டும்தான். ஆகவே ஜூன் பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் இடையில் மனுதாரர் தம் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டாரா என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்பட்டது. 'நான் என் பெயரை எடுக்கவில்லை' என்று அண்ணாச்சி சொல்ல, நான் தட்டச்சு செய்ய, அவர் கீழே கையெழுத்துப் போட்டார். அதன் பக்கத்தில் சார் பச்சை மையில் 'பெயர் உறுதி செய்யப்படாத நபரின் கையொப்பம்' என்று குறிப்பு எழுதிக் கோப்பில் சேர்த்தார்.

ஜூன் முடிவதற்குள் அண்ணாச்சி இன்னும் மூன்று முறை விண்ணப்பித்தார். மூன்று முறையும் பெயர் திரையில் இருந்தது, போய்ச் சேரவில்லை. அவர் மட்டுமல்ல, ஜூன் மாதம் வந்த அறுபத்து நான்கு விண்ணப்பங்களில் ஒன்றில்கூடப் பெயர் இல்லை. நான் எதையோ தவறாக அழுத்துகிறேன் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு வாரம் அந்த எண்ணத்தோடுதான் சாப்பிட்டேன்.

ஜூலை முதல் தேதி வகுப்பில் ஜஸ்டின் படிவங்கள் பாடத்தைத் தொடங்கினார். ஜஸ்டின் எங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். பகலில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்துவிட்டு, அதே சட்டையோடு வகுப்புக்கு வருவார். எங்கள் வாரியத்துப் படிவம் எந்த மென்பொருள் சட்டகத்தில் எழுதப்பட்டதோ அதையேதான் அவரும் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தை எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று திரையில் காட்டினார். பிறகு, போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"டிஸ்ஏபிள் பண்ணுன, அதாவது மூடுன கட்டம் கண்ணுக்கு மட்டுந்தான் இருக்கும். ஃபார்ம் தன்கிட்ட என்ன இருக்குன்னு கேக்கும்போது அது வாயத் தொறக்காது. சர்வருக்குப் போகாது. அதுல இருக்கது சரியா தப்பான்னும் எவனும் பாக்க மாட்டான்."

பின் வரிசையில் ஒருவர், எல்லாக் கட்டத்தையும் மூடினால் என்ன ஆகும் என்று கேட்டார். அப்போது அந்தப் படிவம் சரியும் இல்லை, தவறும் இல்லை, சும்மா கிடக்கும் என்றார் ஜஸ்டின். மூடியிருந்தாலும் உள்ளே இருப்பதைச் சேர்த்து எடுக்க வேறொரு வழி உண்டு, ஒரே ஒரு வரிதான் மாற்ற வேண்டும் என்று அதையும் எழுதிக் காட்டினார்.

நான் வகுப்புக் கணினியில் ஐந்து முறை சோதித்துப் பார்த்தேன். நான்கு முறை போதும். முதல் நான்கையும் சரியாக எண்ணினேனா என்று பார்க்க ஐந்தாவது.

மறுநாள் காலையில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு சாரிடம் போனேன். இரண்டு வழிகள் எழுதியிருந்தேன்: பெயர்க் கட்டத்தைத் திறக்கலாம், அல்லது ஒரு வரியை மாற்றினால் மூடிய நிலையிலேயே பெயர் போய்ச் சேரும். நிறுவனம் மூலநிரலை எங்கள் கணினியிலேயே விட்டுப் போயிருந்ததால் என்னாலேயே மாற்ற முடியும் என்றும் எழுதியிருந்தேன்.

இரண்டாவது வழியை அவர் படித்து முடிக்கவில்லை.

"மூடி இருக்க இடத்துல இருந்து வெளிய வருதுன்னா அதுக்குப் பேரு கசிவும்மா. கசிவுன்னா என்னன்னு தெரியுமா? சஸ்பென்சன்."

முதல் வழிக்கு முறை இருந்தது. எதையும் திறக்குமுன் நீரோட்டக் குழு வந்து பார்வையிட வேண்டும். அருவிப் பிரிவின் விதி அது. வாரியத்துக்குத் தனியாக விதி எழுதப்படாததால் அதுவே எங்களுக்கும் பொருந்தும். குழுவில் மூன்று பேர். ஜூலை ஒன்பதாம் தேதி ஜீப்பில் வந்தார்கள். ஒருவர் கையில் அளவுநாடா இருந்தது. திரையில் பெயர்க் கட்டத்தை அளந்தார். நீளம் பதினொரு சென்டிமீட்டர், உயரம் ஒன்று. கட்டத்தின் ஓரத்தை இன்னொருவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பாசி இல்லை என்றார். மூன்றாமவர் எதுவும் செய்யவில்லை. அவர்தான் தலைவர்.

பார்வையிட்டு முடிந்ததும் குழு ஐந்தருவிக்குப் போய்க் குளித்தது. அங்கிருந்தே அறிக்கையைப் போனில் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். பின்னால் தண்ணீர் இரைச்சல் இருந்ததால் சில சொற்களை நானாக ஊகித்திருக்கலாம். பெயர்க் கட்டத்தைத் தினமும் பத்திலிருந்து பத்தேகால் வரை பெண்களுக்கும், பத்தேகாலிலிருந்து பத்தரை வரை ஆண்களுக்கும் திறந்துவிடலாம். திறந்திருக்கும் நேரத்தில் வேகம் கீழே இறங்கும் என்பதால், அதற்கு அடியில் உள்ள ஒன்பது கட்டங்களை மூடி வைக்க வேண்டும். விசில் உள்ள ஒரு காவலரைப் போட வேண்டும்.

அடியில் உள்ள ஒன்பதில் முதல் கட்டம் 'தொழில் செய்யும் இடம்'. அண்ணாச்சியின் கல் அதில்தான் இருக்கிறது. பெயர் போனால் கல் போகாது, கல் போனால் பெயர் போகாது என்று சாரிடம் சொன்னேன். எல்லா அருவியிலும் ஒரே நேரத்தில் குளிக்கிற ஆளைத் தாம் பார்த்ததில்லை என்றார்.

காவலராக அய்யாக்குட்டி வந்தார். பதினான்கு வருடம் ஐந்தருவியில் விசில் ஊதியவர். இரைச்சலிலேயே நின்று நின்று அவருக்குக் காது மந்தம். எங்கள் அலுவலகத்தின் அமைதி அவரை ஒரு நிலையில் இருக்கவிடவில்லை. முதல் நாள் எழுந்து எழுந்து வாசலுக்குப் போய் வந்தார். பிறகு மேசை விசிறியை முழு வேகத்தில் வைத்துக் காதருகே திருப்பிக்கொண்டதும் கொஞ்சம் தெளிந்தார். வாசலிலிருந்து கணினி வரை கயிறு கட்டி வரிசையை ஒழுங்கு செய்தார். அவர் வேலையில் குறை சொல்ல முடியாது. அருவியில் எப்படியோ அப்படியே செய்தார்.

ஜூலை பதினான்காம் தேதி ஆண்கள் நேரத்தில் அண்ணாச்சிக்கு முன்னால் பதினொரு பேர் நின்றார்கள். பத்து இருபத்தெட்டுக்கு அவர் முறை வந்தது. பெயர்க் கட்டத்தைத் திறக்கும்போது அதில் பழையது எதுவும் தேங்கியிருக்கக்கூடாது என்று சார் அழிக்கச் சொல்லியிருந்ததால் புதிதாகத் தட்ட வேண்டும். மனுதாரர்தான் தட்ட வேண்டும். அண்ணாச்சி ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். விரலில் எண்ணெய்ப் பசை இருந்ததால் ஓர் எழுத்தை அழுத்தினால் பக்கத்து எழுத்துக்கு நழுவியது. 'சுடலை' வரை வந்தபோது விசில் அடித்தது.

"போதும் அண்ணாச்சி, நவுரும். அடுத்த ஆளுக்கு விடும்."

"ஏலே அய்யாக்குட்டி, பாதிப் பேரு இன்னும் வெளிய கிடக்குலே."

"பாதி நனைஞ்சிட்டீருல்லா? அது போதும். இன்னிக்குக் கூட்டம் சாஸ்தி."

இருந்ததை அப்படியே சமர்ப்பித்தேன், கட்டம் மூடிக்கொண்டது. அந்த விண்ணப்பமும் திரும்பி வந்தது. காரணம் ஒன்று: சுடலை என்ற பெயரில் பதிவேட்டில் யாரும் இல்லை. காரணம் இரண்டு: தொழில் செய்யும் இடம் குறிப்பிடப்படவில்லை.

அதற்குப் பிறகு அண்ணாச்சி தினமும் வந்தார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். கயிற்றைப் பிடித்தபடி நிற்பார், நான் நிமிர்ந்து பார்த்தால் ஜன்னல் பக்கம் பார்ப்பார். யாரோ இரண்டு பேர் வந்து அவருடைய கல்லை முழம் போட்டுப் பார்த்துவிட்டுப் போனதாக ஒருநாள் சொன்னார். குலுக்கலுக்கு ஆள் சேர ஆரம்பித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். ஆகஸ்ட் எட்டுக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவர் என்னிடம் கேட்டதில்லை. நான் நாட்காட்டியைப் பார்க்கும்போது அவரும் பார்ப்பார்.

"வேற கல்லு குடுத்தா வாங்கிக்கிடலாம்மா," என்றார் ஒருநாள். "ஆனா குனிய முடியாதுல்லா. நிமிந்து நிக்க ஒரே கல்லுதான் அங்கன இருக்கு."

ஜூலை இருபத்து நான்காம் தேதி மலையில் பெரிய மழை. காலை ஒன்பது ஐம்பதுக்கு அருவிப் பிரிவிலிருந்து சாருக்குப் போன் வந்தது; மெயின் அருவியில் ஆர்ச் தெரியவில்லை, எல்லா அருவிகளிலும் குளிக்கத் தடை. சார் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார். பத்து ஐந்துக்குள் முப்பத்தொரு கட்டங்களையும் மூடினார். விசைகள் தீர்ந்த பிறகும் கை நிற்காததால், திரும்பி வந்த விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக மறுபடி அனுப்ப நான் பயன்படுத்திவந்த பொத்தானையும் மூடினார். அய்யாக்குட்டி திரைக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார். அன்று தென்காசியில் வெயில் அடித்தது.

இரண்டு நாளில் வெள்ளம் வடிந்தது, அருவிகளைத் திறந்தார்கள். கட்டங்கள் திறக்கவில்லை. திறக்கக் கோரி ஒரு விண்ணப்பம் வர வேண்டும் என்றார் சார். அந்த விண்ணப்பத்தையும் அதே படிவத்தில்தான் போட வேண்டும்.

ஆனாலும் மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அண்ணாச்சி உட்பட நிராகரிக்கப்பட்டவர்களும், அதுவரை விண்ணப்பிக்காதவர்களும் அட்டை எண்ணைத் தட்டினார்கள். முப்பத்தொரு கட்டங்களும் சாம்பல் நிறத்தில் நிரம்பின. சமர்ப்பி என்பதை அழுத்தினார்கள். எங்களுக்கு முழு வெற்றுத்தாள் வந்து சேர்ந்தது. எழுதியிருந்தால்தானே தவறு பிடிக்க முடியும்? ஒன்றும் எழுதாத விண்ணப்பத்தில் சரிபார்க்கும் நிரல் ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை, நிறையும் கண்டுபிடிக்கவில்லை. நிலுவை என்று ஓரமாக வைத்தது. மாதக் கடைசியில், கடைசி வாரத்துக்கு நான் தயாரித்த அறிக்கையில் வந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு, ஏற்கப்பட்டவை பூஜ்யம், தவறானவை பூஜ்யம் என்று இருந்தது. கூட்டல் தப்பு என்று நினைத்து மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

தலைமை அலுவலகத்தில் கடைசிப் பத்தியை மட்டும் படிப்பார்கள் போலிருக்கிறது. மாநிலத்திலேயே தவறான விண்ணப்பம் ஒன்றுகூட இல்லாத ஒரே வாரியம் என்று பாராட்டுக் கடிதம் வந்தது. சார் மறுபடி நின்றுகொண்டு பேசினார்.

"தப்பு எங்கன இருந்து வருது? மனுசன் எழுதுதான், வருது. எழுத விடாதே, தப்பு இல்ல. இத நான் அருவிலயே சொன்னேன், எவனும் கேக்கல. அருவில தண்ணிய நிப்பாட்ட முடியாது. கம்ப்யூட்டர்ல முடியுது. இதாம்மா முன்னேற்றம்."

பாராட்டைத் தொடர்ந்து ஆய்வு வந்தது. எங்கள் அலுவலகத்துக்கு மேலிட ஆய்வுகள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் வரும். மற்ற ஒன்பது மாதங்களில் எங்களிடம் ஆய்வு செய்யத் தக்கதாக எதுவும் இருப்பதில்லை. இணை இயக்குநர் ஆகஸ்ட் எட்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு வந்தார். தோள்பையில் ஒரு துண்டு வெளியே தெரிந்தது. ரிப்பனுக்குப் பின்னால் இருந்த முப்பத்தொரு சாம்பல் கட்டங்களை வெகுநேரம் பார்த்தார். எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு துண்டின் விஷயத்துக்கு வந்தார். ஐந்தருவியில் நிமிர்ந்து நின்று தேய்க்கும் ஒரு கைகாரர் இருக்கிறாராமே, மூன்று மணிக்கு ஏற்பாடு செய்யுங்கள், ஆனால் அட்டை உள்ளவராக இருக்க வேண்டும் என்றார். அட்டை இல்லாத கை அரசு அலுவலர் உடம்பில் படக்கூடாது என்ற சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

சார் என் மேசைக்கு வந்தார். அவர் என் மேசைக்கு வந்தது அதுதான் முதல் முறை.

"ஏம்மா, கார்டு வாங்குனவன் எத்தன பேரு இருக்கான்?"

"யாரும் இல்ல சார்."

"ஒருத்தன்கூடவா இல்ல?"

"தப்பான ஆளும் யாரும் இல்ல சார்."

நான் ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஓர் ஆளுக்கு மூன்று மணிக்குள் அட்டை வேண்டும், ஆனால் ஒரு கட்டத்தையும் திறக்கக்கூடாது, அய்யா இப்போதுதான் பாராட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்றார். நான் ஜூலை இரண்டாம் தேதிக் குறிப்பை எடுத்து வைத்தேன். கட்டத்தைத் திறக்காமலே உள்ளே இருப்பதை எடுக்கும் வரி. இந்த முறை கடைசிவரை படித்தார். 'கசிவு' என்று ஓரத்தில் தாம் எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'கட்டுப்படுத்தப்பட்ட கசிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வரியை மாற்றினேன். மூன்று முறை வாசித்தேன். சரியாகத்தான் இருந்தது. அடுத்து அண்ணாச்சியின் விண்ணப்பத்தை மட்டும் மறுபடி அனுப்ப வேண்டும். தனித்தனியாக அனுப்பும் பொத்தானை ஜூலை இருபத்து நான்கில் சாரே மூடியிருந்தார். அதைத் திறக்கச் சொல்லலாம். ஆனால் எதையும் திறக்கக்கூடாது என்று இப்போதுதான் சொன்னார். மூடப்படாமல் மீதி இருந்தது, நிலுவையில் உள்ள எல்லா அட்டை எண்ணுக்கும் படிவத்தை மறுபடி நிரப்பி அனுப்பும் 'நிலுவை அனைத்தையும் அனுப்பு' என்ற பொத்தான். இதைச் சொல்லலாமா என்று நிமிர்ந்து பார்த்தேன். சீக்கிரம், சீக்கிரம் என்று அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நான்கு நிமிடம் முந்தியே ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தினேன்.

அச்சு இயந்திரம் அட்டைகளைத் தள்ளத் தொடங்கியது. பத்து, இருபது, ஐம்பது. இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். சார் இயந்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"எல்லாக் கட்டமும் மூடித்தான இருக்கு?"

"முப்பத்தொண்ணும் மூடித்தான் சார் இருக்கு."

"அப்பச் சரி," என்றார். மேலே இருந்த அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார். எந்த அட்டையை மேலே எடுத்து வைப்பது என்பதில் மட்டும் அன்று எனக்குச் சந்தேகம் வரவில்லை. மீதியை வாசலில் கயிற்றைப் பிடித்தபடி நின்றவர்களுக்குக் கொடுத்தேன். வராதவர்களின் அட்டைகளை அய்யாக்குட்டி பையில் போட்டுக் குற்றாலத்துக்கு எடுத்துப் போனார்.

ஆய்வுக் குறிப்பில் கையெழுத்து வாங்குவதற்காக நானும் ஐந்தருவிக்குப் போக வேண்டியிருந்தது. சாரல் நூல் நூலாக விழுந்துகொண்டிருந்தது. இணை இயக்குநர் துண்டைக் கட்டிக்கொண்டு கல்லில் மல்லாக்கப் படுத்தார். சார் அவருக்குமேல் குடை பிடித்தார். அண்ணாச்சி அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். அட்டை வந்த நேரம் மூன்று மணி ஐந்து நிமிடம். கெடு ஐந்து மணி.

"உன் பேர் என்னப்பா?" என்றார் இணை இயக்குநர்.

அண்ணாச்சி சாரைப் பார்த்தார். சொல்லலாமா என்று அனுமதி கேட்கிற மாதிரிதான் பார்த்தார். முகத்தில் வேறு எதுவும் இல்லை.

"அது மூடிக் கிடக்குய்யா. நான் தொடப்பிடாதுன்னு உத்தரவு."

இணை இயக்குநர் கழுத்தைத் திருப்பிச் சாரைப் பார்த்தார். ஐந்து நிராகரிப்பு, ஒரு விளக்கக் கடிதம், பச்சை மையில் ஒரு குறிப்பு, சற்று முன் கையில் கொண்டுவந்த அட்டை. இரண்டு மாதமாகச் சார் அந்தப் பெயரைப் பார்க்காத நாள் குறைவு. வாயைத் திறந்தார், பெயர் வரவில்லை. குடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"பதிவுல இருக்குய்யா," என்றார் கடைசியில். "பத்திரமா இருக்கு."

"நல்லது. அப்படியே இருக்கட்டும்."

அண்ணாச்சி உள்ளங்கை நிறைய நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டார். குனியாமல், நின்ற வாக்கிலேயே, அதை இணை இயக்குநரின் நெற்றியில் வழியவிட்டார்.

"கண்ண மூடிக்கிடுங்கய்யா. நான் சொல்லுதவரைக்கும் தொறக்கப்பிடாது."

அவர் மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் ஆகும் என்று மூடியபடியே கேட்டார். அண்ணாச்சி தேய்க்கத் தொடங்கினார்.